சுன்னாகத்தில் கெப்புக்குப் பூட்டிய இரும்புச் சட்டம்

காலை ஏழு மணிக்கு அளவெட்டியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டோம். மல்லாகம் வழியாகச் சுன்னாகம் ஆறு கிலோமீட்டர்தான் இருக்கும். இதற்கெல்லாமா பயணக் கட்டுரை என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் வீட்டில் தூரம் போனவர் என் கணவர் ஒருவர்தான். வேலைக்குப் போன கட்டாரிலிருந்து அவர் எழுதுவதில்லை, போனில் கூப்பிடுவதோடு சரி.

வெங்காயம் ஏற்றும் இந்த வெள்ளைக் கெப் வண்டி அவருடைய உழைப்பில் வாங்கியது. அவர் இன்னும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. போன கிழமை வீதியில் திரியும் ஒரு கட்டாக்காலி மாடு குறுக்கே பாய்ந்து முன்முகப்பை உடைத்துவிட்டது. மாடு தன்பாட்டில் எழுந்து போனது. கெப்தான் பல்லிழந்து நின்றது. முன்னுக்கு ஓர் இரும்புச் சட்டம் போடலாம் என்று வீடியோ அழைப்பில் அவரிடம் சொன்னேன்.

"வாய்க்கூடு போட்ட மாடு மாதிரிக் கிடக்கும்," என்று முகம் சுளித்தார். பிறகு மனம் இறங்கினார். "சரி, போடும். ஆனால் போல்ட்டிலை பூட்டச் சொல்லும். ஆவணியிலை நல்லூர்த் தேருக்கு வந்த உடனை நானே கழட்டிப்போடுவன்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வைகாசி நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஓட்டியவன் என் தம்பி சுதன். மல்லாகம் சந்தியில் இரண்டு மாடுகள் நடுவீதியில் படுத்து அசைபோட்டன. "அக்கா, சட்டம் பூட்டப் போறம் எண்டு உதுகளுக்கும் ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போவமோ?" என்றான். ஹோர்ன் அடித்தும் பலனில்லை. இறங்கிப் போய் முதுகில் தட்டித்தான் எழுப்பினான்.

சுன்னாகம் சந்தையில் மூட்டைகளை இறக்கிவிட்டு, ஐம்பது ரூபாவுக்கு ஆளுக்கொரு பிளேன்ரீ குடித்தோம். ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பட்டறையில் நின்றோம். பட்டறைக்காரர் சட்டத்தைத் தூக்கிக் கெப்பின் முன்னால் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, போல்ட் போடுறதோ, வெல்டிங்கிலை ஒட்டி விடுறதோ? ஒட்டினால் பேந்து கழட்ட ஏலாது. வெட்டத்தான் வேணும்."

நான் வாயைத் திறக்குமுன் கட்டாரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. போனைத் திருப்பி வண்டியைக் காட்டினேன்.

"ஒட்டச் சொல்லும்," என்றார் என் கணவர்.

"போல்ட் எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். ஒட்டினால் பலம்தானே."

அவர் என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"அப்ப தேருக்கு?"

"லீவு தரமாட்டினமாம். இன்னும் ரெண்டு வருசம் இருந்து பாப்பம்."

பட்டறைச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. அழுதேன். எனக்குக் கெப் வேண்டாம், பலமான இரும்பு வேண்டாம், அந்த மனுசன் வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது. சுதன் சந்தைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அண்ணை, போல்ட்டே போடுங்கோ."

பிறகு போனைப் பார்த்தேன். "நானும் தொடமாட்டன், தம்பியும் தொடமாட்டான். நீங்கள்தான் வந்து கழட்ட வேணும்."

அவர் போனை வைக்கவில்லை. பட்டறைக்காரர் பூட்டி முடிக்கும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அழைப்பு அறுபடாமலே சுன்னாகத்தை விட்டுப் புறப்பட்டோம். மல்லாகம் தாண்டியபோதுதான் அவருடைய குரல் வந்தது.

"உதைக் கழட்ட எத்தினையாம் நம்பர் ஸ்பானர் வேணும்?"