ஓடும்போது மட்டும் வரும் பழுது

கிள்ளானில், மேரு சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், டயர் கடைக்கும் மீன்வலை விற்கும் சீனர் கடைக்கும் நடுவே கார்த்திகேசுவின் பட்டறை இருக்கிறது. கார் வயரிங், மீட்டர், ஏர்கோன் என்று பலகையில் எழுதியிருக்கும். ஏர்கோன் வேலையை அவர் விட்டுப் பத்து வருடம் ஆகிறது. பலகையை மாற்றத் தோன்றவில்லை.

வயது ஐம்பத்தேழு. சொந்தப் பட்டறை போடுவதற்கு முன் பெட்டாலிங் ஜெயாவில், விலை உயர்ந்த கார்கள் மட்டும் வரும் ஓர் இடத்தில் பத்தொன்பது வருடம் வயர்மேனாக இருந்தவர். பழைய ஜெர்மன் கார்களின் டேஷ்போர்டுக்குப் பின்னால் எந்த நிற வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மற்ற பட்டறைக்காரர்கள் கைவிட்ட வண்டிகள் அவரிடம் வந்து சேரும். "பேய் புடிச்ச காடி ஒன்னு இருக்கு, அனுப்பட்டுமா?" என்று போனில் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே அனுப்பச் சொல்வார்.

கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தங்கைகளின் கல்யாணம் முடியட்டும் என்றார்கள், முடிந்தது. பட்டறை நிலைக்கட்டும் என்று அவரே சொன்னார், நிலைத்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஈப்போவிலிருந்து சின்னத் தங்கை லெட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, சாப்பிட்டாரா என்று விசாரிப்பாள். சாப்பிட்டேன் என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வருடம் தை மாதத்தில் ஒரு கரும்பச்சைக் கார் பட்டறைக்கு வந்தது. முப்பது வருடப் பழைய வண்டி, கீறல் இல்லை. ஓட்டி வந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ஜெரால்டின். பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறார், பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கார் அவர் கணவர் கிளாரன்ஸுடையது. கிளாரன்ஸ் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"திடீர்னு மீட்டர் மொத்தமா செத்துரும் அண்ணே. முள்ளெல்லாம் கீழ விழுந்துரும், லைட்டெல்லாம் அணைஞ்சிரும், சிக்னல் வேலை செய்யாது. ஆனா இன்ஜின் ஓடும். கொஞ்ச தூரம் போனா தன்னால வந்துரும்."

"எத்தன இடத்துல காட்டினீங்க, டீச்சர்?"

"மூனு இடம். பேட்டரி மாத்தினாங்க, ஆல்டர்னேட்டர் மாத்தினாங்க. மீட்டரயே கழட்டி வெளிய அனுப்பி செஞ்சு கொண்டு வந்தாங்க. மறுபடியும் அதேதான்."

ஜெரால்டின் ஒரு பெரிய சாவிக்கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றிக் கொடுத்தார். வீட்டுச் சாவியெல்லாம் அதில் இருக்கிறது என்று மற்றதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ரயிலேறிப் போனார்.

கார்த்திகேசு மூன்று நாள் அந்தக் காரோடு இருந்தார். மீட்டரை வெளியே எடுத்து, பின்பக்கத் தகட்டில் சந்தேகப்பட்ட ஈயப் பற்றுகளை மறுபடி பற்றவைத்தார். எர்த் வயர்கள் பாடியில் பிடிக்கும் இடங்களைச் சுரண்டித் துடைத்தார். தினமும் காப்பார் வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட முள் விழவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்த இரண்டாம் நாள் டீச்சர் போன் செய்தார்.

"மறுபடியும் வந்துருச்சு அண்ணே."

இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். ஸ்டியரிங் அடியில் போகும் வயர்க்கட்டை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு வயராக மல்டிமீட்டர் வைத்துச் சோதித்துக் கட்டினார். பட்டறையில் கார் சாதுவாக நின்றது. அவரிடமிருந்து போனதும் பழுது வந்தது. தன்னை யாரோ கேலி செய்வதுபோல் இருந்தது அவருக்கு.

"நான் உங்ககூட வண்டியில வரணும் டீச்சர்," என்றார். "ஓடும்போதுதான் வருது. அது வர்ற நேரம் நான் பக்கத்துல இருக்கணும்."

டீச்சர் சனிக்கிழமைதோறும் கிள்ளானுக்கு வருவார். கிளாரன்ஸை அடக்கம் செய்தது இங்கேதான். கல்லறையில் பூ வைத்துவிட்டுப் பிரிக்பீல்ட்ஸ் திரும்பும்போது பட்டறையில் நிறுத்தி ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். கார்த்திகேசு கூடவே போய், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் கே.எல். சென்ட்ரலில் இறங்கிக் கம்யூட்டர் ரயிலில் திரும்பிவிடலாம்.

முதல் சனிக்கிழமை காலை கார்த்திகேசு சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். வேலைக்குத்தானே போகிறோம் என்று உடனே கழற்றினார். பிறகு அதையே போட்டுக்கொண்டார்.

இரண்டு மல்டிமீட்டர்களை மடியில் வைத்து, டேஷ்போர்டு அடியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வயரை இழுத்து மாட்டி, அவற்றின் எண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபெடரல் ஹைவே என்கிற கூட்டரசு நெடுஞ்சாலையில் டீச்சர் நிதானமாக ஓட்டினார். எண்கள் அசையவில்லை. ஷா ஆலாம் தாண்டும்போது டீச்சர் சொன்னார்:

"இப்ப நாம ஒரு ஆத்துமேல போறோம், தெரியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிமெண்ட் தடுப்பும் லோரிகளும்தான் தெரிந்தன.

"டமான்சாரா ஆறு. நம்ம கிள்ளான் ஆத்துல போயி சேருது. இந்த ரோட்டுல போறவங்க யாருக்கும் கீழ ஆறு இருக்குன்னே தெரியாது. நாப்பது பிள்ளைங்கள பஸ்ஸுல ஏத்திக் கொண்டாந்து காட்டியிருக்கேன்."

"நான் நாப்பது வருசமா போறேன் டீச்சர். இன்னைக்குத்தான் தெரியும்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று மீட்டர் ஒழுங்காகவே இருந்தது. ரயிலில் திரும்பும்போது கார்த்திகேசு பழுதைப் பற்றி யோசிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டாம் சனிக்கிழமை சுபாங் அருகே முட்கள் விழுந்தன. மூன்று விநாடி. ஒரு மல்டிமீட்டரில் பேட்டரி வயர் பதின்மூன்று வோல்ட் சொச்சத்தில் அப்படியே நிற்க, மற்றதில் சாவி திறந்தால் வர வேண்டிய கரண்ட் மட்டும் பூஜ்யத்துக்கு இறங்கி ஏறியது. அப்படியானால் மீட்டரில் குறையில்லை. மீட்டருக்கு வரும் வழியில் எங்கேயோ. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று பிரிக்பீல்ட்ஸில் டீச்சர் அவரை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். ரசத்தை டீச்சர் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். மகள் வலேரி மெல்பர்னில் இருப்பதையும், தன்னை அங்கே வந்துவிடச் சொல்வதையும், கிளாரன்ஸ் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனம் வராததையும் சொன்னார். கார்த்திகேசு கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் தன் எதிரில் உட்கார்ந்து, தன்னைப் பார்த்து, அரை மணி நேரம் பேசியது கடைசியாக எப்போது என்று அவருக்கு நினைவு வரவில்லை. பேச்சுக்கு நடுவே டீச்சர் அண்ணே, அண்ணே என்றார். முப்பது வருடமாக ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அன்று முதல் தடவையாக அது காதில் உறுத்தியது.

மூன்றாம் சனிக்கிழமை, "இன்னைக்கு நான் ஓட்டிப் பாக்கிறேன்," என்றார்.

கிள்ளானை விட்டு வெளியேறும் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. வண்டி ஒரு குழியில் இறங்கி ஏற, முட்கள் சரிந்தன. அதே நேரம் முழங்காலில் ஏதோ கனமாக இடித்தது. சாவிக்கொத்து. பதினைந்து பதினாறு சாவிகள், ஒரு பித்தளைச் சிலுவை, ஒரு பாட்டில் திறப்பான். அவர் முழங்காலை உயர்த்திக் கொத்தைத் தாங்கினார். முட்கள் எழுந்தன. காலை இறக்கினார். விழுந்தன. இன்னொரு முறை செய்து பார்த்தார். சந்தேகமே இல்லை.

எத்தனையோ வருடமாக அந்தக் கனம் தொங்கித் தொங்கி, சாவிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சின் உள்ளே செம்புத் தகடு தேய்ந்திருக்கிறது. வண்டி குலுங்கும்போது கொத்து ஆடுகிறது, தொடுப்பு விடுகிறது. பட்டறையில் விடும்போது டீச்சர் கார் சாவியை மட்டும் கழற்றித் தந்ததால் அங்கே ஒருநாளும் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். அரை மணி நேர வேலை.

டீச்சர் இதைக் கவனிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, தான் முதன்முதலில் வேலைக்குப் போன பள்ளியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காற்றில் முடி முகத்தில் விழ, அதை ஒதுக்கிவிட்டுத் திரும்பினார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இன்னும் சரியா பிடிபடல டீச்சர்," என்றார் கார்த்திகேசு. "அடுத்த சனிக்கிழமையும் பாத்துரலாம்."

தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அது. இன்ஜின் நிற்கப் போவதில்லை, மீட்டர்தானே, ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று ரயிலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டுக்குப் போய், சனிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது என்று எண்ணினார்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. மூன்று மணிக்கு டீச்சரின் போன். குரல் அடையாளம் தெரியவில்லை.

"வண்டி நின்னுருச்சு. ஃபெடரல் ஹைவேல. நடு லைன்ல நின்னுருச்சு அண்ணே."

இழுவை லோரியோடு அவர் போய்ச் சேர முக்கால் மணி நேரமானது. யாரோ இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் காரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். டீச்சர் தடுப்புச் சுவரை ஒட்டி, தெப்பலாக நனைந்து நின்றார். பின்னால் வந்த கொள்கலன் லோரி ஒன்று கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பியதாம். அதைச் சொல்லும்போது பல் கிட்டியது. கார்த்திகேசு தன் மழைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

பட்டறையில் டீச்சருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, சுவிட்சைக் கழற்றினார். இன்ஜினுக்குப் போகும் தகடும் கருகிப் போயிருந்தது. அதை டீச்சர் முன்னால் மேசையில் வைத்தார்.

"இதுதான் பழுது. சாவிக்கொத்து கனம். எனக்குப் போன சனிக்கிழமையே தெரியும் டீச்சர்."

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. "தெரியும்னா?"

"தெரிஞ்சுதான் சொல்லல."

"ஏன்?"

"சரி பண்ணிட்டா நீங்க வரமாட்டீங்களேன்னு."

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் செத்திருப்பேன்," என்றார்.

புதுச் சுவிட்ச் மாட்டி முடிக்கும்வரை வாசலில் நின்றார். கொத்திலிருந்து கார் சாவியைப் பிரித்துத் தனியாக வைத்துக்கொண்டார். "இதுல முக்கால்வாசி எதத் திறக்கும்னே எனக்குத் தெரியாது. கிளாரன்ஸ் வச்சிருந்த மாதிரியே வச்சிருந்தேன்," என்றார், கார்த்திகேசுவிடம் சொல்வதுபோல் இல்லாமல். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிந்தைய சனிக்கிழமைகளில் கார்த்திகேசு பட்டறை வாசலுக்கு முதுகைக் காட்டி வேலை செய்தார். கரும்பச்சை நிறத்தில் எது கடந்தாலும் உடம்பு தானாகத் திரும்பியது. மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினார். பார்த்ததாக நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. ஒருமுறை கே.எல். சென்ட்ரல் வரை ரயிலில் போய், பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளைத் தாண்டி, டீச்சரின் அடுக்குமாடி வாசல் வரை நடந்தார். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும், தப்பான இடம் என்று சொல்லித் திரும்பினார். லெட்சுமி போனில், "குரல் ஏன்ணே ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். தூசு என்றார்.

ஆகஸ்டில் டீச்சர் வந்தார். காரில் இல்லை, வாடகை வண்டியில். காரை அம்பாங்கில் பழைய கார்கள் சேர்க்கும் ஒருவருக்கு விற்றாகிவிட்டதாம். வலேரிக்குப் பிரசவ மாதம் நெருங்குகிறது, அடுத்த வாரம் மெல்பர்ன் பயணம். கல்லறையில் கிளாரன்ஸிடம் சொல்லிக்கொள்ள வந்தவர், அப்படியே இங்கேயும்.

கார்த்திகேசு கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

"ரொம்ப நாள் கோவமா இருந்தேன். இப்ப இல்ல," என்றார். சற்று நிறுத்தி, "நீங்க கேட்டிருந்தா நான் வந்திருப்பேன். வண்டியில பழுதே இல்லன்னாலும் வந்திருப்பேன்லா. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவர் தலை குனிந்து நின்றார். பிறகு, அந்த வயதில், அந்த எண்ணெய்க் கறைச் சட்டையோடு, கேட்டார்.

"திரும்பி வந்ததும் ஒருநாள் சாப்பிடப் போலாமா?"

டீச்சரின் முகம் மாறியது. அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை. "டிசம்பர்ல வர்றதாத்தான் இருக்கேன்," என்றார். "வந்ததும் சொல்றேன்."

டிசம்பர் வந்தது. குழந்தை குறைமாதத்தில் பிறந்ததால் நுரையீரல் பலவீனம், மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைச்சல், இன்னும் சில மாதம் ஆகும் என்று டீச்சர் எழுதினார். பேத்தியின் கை படத்தையும் அனுப்பினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கார்த்திகேசு பதில் எழுதினார். அதற்குக் கீழே ஒரு வரி எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். நான் இங்கதான் இருக்கேன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் கழித்துக் காலையில் டீச்சரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. பக்கத்துக் கடையில் டயர் கழற்றும் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. கார்த்திகேசு, வேலைக்கு வந்து நின்றிருந்த ஒரு காரின் உள்ளே ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார். மெல்பர்னில் இப்போது கோடைக்காலம், ஆனாலும் காலையில் குளிர்கிறது, குழந்தை இரண்டு கிலோ ஏறிவிட்டாள், இங்கே மீன் நன்றாக இல்லை என்று டீச்சர் சொல்லிக்கொண்டே போனார். பிறகு பேச்சு நின்றது. ஒரு டிராம் மணியடித்துக் கடந்தது, எங்கோ ஒரு நாய் குரைத்தது. டீச்சர் மூச்சு விடுவது கேட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், அப்படியே ஒன்பது விநாடி. செய்தி முடிந்துவிட்டது.

கார்த்திகேசு சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டு, செய்தியை அந்த ஒன்பது விநாடிக்கு நகர்த்தி, மறுபடியும் கேட்டார்.