பேரத்தில் போன பேட்டரி

என் அண்ணன் பத்து பாகாட் ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. காது மந்தமாகிவிட்டது. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில், தாம் கேட்டதற்கு உடனே பதில் வராவிட்டால் வேலை இல்லை என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை இருவரும் மூவார் நகரத்துக் கடை ஒன்றுக்குச் சென்று, பேட்டரியில் இயங்கும் காதுக் கருவி ஒன்றைப் பார்த்தோம். விலை எண்பது வெள்ளி. நான் பேரம் பேசி எழுபத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். கடைக்காரர் கருவியின் பெட்டியிலிருந்து எதையோ எடுத்துத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு முழுவதும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மக்கள் வந்து கருவியில் பேசிப் பார்த்தார்கள்.

"கிராணியாரே, நான் ஏசுனது கேட்டுச்சா?" என்றார் கங்காணி.

"இத்தனை வருசமா ஏசுனதும் சேர்த்துக் கேக்குதுய்யா," என்றார் அண்ணன்.

திங்கள் விடியலில் கருவியில் சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. கடைக்காரர் எடுத்துவைத்தது மாற்றுப் பேட்டரி என்று அப்போதுதான் புரிந்தது. பிரட்டுக்குச் சில நிமிடங்களே இருந்தபோது மழை கொட்டியது. ஈர மரத்தில் பால் வெட்ட முடியாது; பிரட்டு மறுநாளுக்குப் போயிற்று. நான் முதல் பஸ்ஸில் மூவார் போய் இரண்டு பேட்டரி வாங்கிவந்தேன். செவ்வாயன்று துரை கேட்டதற்கெல்லாம் அண்ணன் உடனுக்குடன் பதில் சொன்னார்.

இப்போதும் நான் பேரம் பேசுகிறேன். ஆனால் விலை குறைந்த பிறகு, பெட்டியை மறுபடி திறந்து பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.