பதினோரு மணி வரை

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு கட்டட வேலைத்தளத்துக்குப் பாதுகாப்புச் சோதனைக்காக மூன்று நாள் போயிருந்தேன். அங்கேதான் அந்தச் சூப்பர்வைசரைப் பார்த்தேன். குள்ளமான மனிதர். ஹெல்மெட்டுக்குள் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். காலைக் கூட்டத்தில் முதலில் தன் நிலவரத்தை அறிவித்துவிட்டுத்தான் வேலையைப் பற்றிப் பேசுவார்.

"நேத்து சரியாத் தூங்கலப்பா. பதினோரு மணி வரைக்கும் நான் எது சொன்னாலும் ஒரு தடவ திருப்பிக் கேட்டுட்டுச் செய்யுங்க," என்றார் கடைசி நாளன்று. மழை வரும் என்று கேட்டவர்களைப் போல முப்பது பேரும் தலையாட்டினார்கள்.

"இப்படிச் சொன்னா உங்கள மதிப்பாங்களா?" என்று தனியாகக் கேட்டேன்.

"கிரேன தினம் செக் பண்றோம் சார். என்னை யாரு பண்றது?" என்றார்.

பத்து மணிக்கு, இரும்புக் கம்பிக் கட்டைத் தூக்கச் சொல்லிக் கிரேன் ஓட்டுநரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"அண்ணே, இன்னும் பதினொண்ணு ஆகல. ஒரு தடவ பாத்துருங்க," என்றார் ஒரு தொழிலாளி.

பார்த்தார். ஒரு பக்கத்துக் கொக்கியை மாட்டவே இல்லை. "தேங்க்ஸ்பா," என்று சொல்லிவிட்டு மாட்டச் சொன்னார். அவ்வளவுதான்.

மறுநாள் தஞ்சோங் பகாரில், என் அலுவலகக் கூட்டத்தில் நானும் சொல்லிப் பார்த்தேன்: "நேத்து நான் சரியாத் தூங்கல."

"டாக்டர்கிட்ட எம்சி வாங்கிட்டு லீவு எடுத்துக்குங்க லா," என்றார்கள். பிறகு நான் சொன்ன எல்லாவற்றுக்கும், ஒரு தவறான தேதி உட்பட, சரி என்று தலையாட்டினார்கள்.

அந்தத் தொழிலாளி வாய் திறப்பதற்கு எத்தனை காலைக் கூட்டங்கள் பிடித்தன என்று சூப்பர்வைசரிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.