ஓப்பல் தெருவைக் கடக்கக் கூடாது

"ஞாயித்துக்கிழமை எந்த சர்ச்சுக்குப் போவீங்க?" என்று தத்து நிறுவனத்து அம்மாள் கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை துணி துவைப்போம்" என்றாள் லோர்னா ஸ்டக்கி. அவள் கணவன் வெண்டல் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான். மிதித்தது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. "சனிக்கிழமைன்னா டான்ஸ் இருக்கும்" என்று சேர்த்துச் சொன்னாள்.

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். உங்களுக்குக் குழந்தை வேண்டாம் என்று ஆண்டவர் முடிவெடுத்திருக்கிறாரோ என்னவோ, அதையும் யோசித்துப் பாருங்கள் என்று கனிவோடு சொன்னாள்.

"முடிவு அவரோடதுன்னா, விண்ணப்பத்துக்குக் காசு வாங்கினது யாரு?" என்றாள் லோர்னா.

முதல் நிறுவனம் அத்தோடு முடிந்தது. இரண்டாவதை லோர்னாவே முடித்துவைத்தாள். அங்கே சுவரில் கட்டண விவரம் ஒட்டியிருந்தது. வெள்ளைக் குழந்தைக்கு ஒரு கட்டணம், கறுப்புக் குழந்தைக்கு அதைவிடக் குறைவு, இரண்டும் கலந்ததற்கு நடுவில் ஒன்று. சிரித்த முகத்தோடு அதை ஒரு சலுகையாக விளக்கினார்கள். லோர்னா பொறுமையாகக் கேட்டு முடித்தாள். "மனுஷங்களை விக்கற சந்தைய மூடி எத்தனையோ காலம் ஆச்சுன்னு எங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்க. உங்க பக்கம் இன்னும் அந்தப் பாடம் வரலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். கதவைச் சாத்திய வேகத்தில் அந்தக் காகிதம் சுவரிலிருந்து விழுந்ததாக வெண்டல் சொல்வான். வெண்டல் பொய் சொல்லத் தெரியாதவன் என்பதால் நாங்கள் நம்புகிறோம். அந்தத் தெரியாமைதான் பிறகு குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

ஒஹாயோவில் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த பாதிப் பேரைப் பள்ளிக்கு ஏற்றிப்போய் இறக்கியவள் லோர்னா. மஞ்சள் பேருந்து, பெரிய குரல், குளிர்காலத்திலும் மடித்துவிட்ட சட்டைக் கை. ஊர் எல்லையில் ஒரு ரயில் பாதை உண்டு. தண்டவாளத்தில் புல் முளைத்து, புல்லில் முயல் குடியேறி, அங்கே ரயில் ஓடியதைப் பார்த்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். ஆனால் பள்ளிப் பேருந்து தண்டவாளத்துக்கு முன்னால் நின்று, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கடக்க வேண்டும் என்பது சட்டம். லோர்னா தினமும் நிறுத்துவாள், திறப்பாள், கேட்பாள்.

"லோர்னா, முயலு தாண்டிருச்சு, வண்டிய எடு" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கத்துவார்கள்.

"வாய மூடுங்கடா. பின்னாடி இத்தனை பேர ஏத்திக்கிட்டு, மேல இருக்கறவன் பாத்துக்குவான்னு மிதிக்க முடியுமா?" என்பாள்.

மூன்றாவது நிறுவனம் சர்ச்சைப் பற்றிக் கேட்கவில்லை. படங்களை மட்டும் கேட்டது. குழந்தையைத் தரப்போகும் பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக ஒவ்வொரு தம்பதியும் தங்களைப் பற்றி ஒரு படப் புத்தகம் செய்து தர வேண்டும், அதுதான் வழக்கம். பெண் பார்க்கும் படலம்தான், பார்க்கப்படுவது மட்டும் தம்பதி. மற்றவர்கள் வெள்ளைச் சட்டையோடு கடற்கரையில் நின்றார்கள், பொன்னிற நாயைக் கட்டிக்கொண்டார்கள், பூசணித் தோட்டத்தில் உருண்டார்கள். லோர்னாவிடம் நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. பேருந்து பனியில் புதைந்து கிடக்கிறது, இழுவை வண்டிக்காரனை அவள் மண்வெட்டியும் கையுமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள், பின்னால் வெண்டல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அதையே அட்டைப்படமாகப் போட்டார்கள்.

டென்னசியிலிருந்து அழைப்பு வந்தது. ஷெல்பி ராஸ்னிக் என்ற இருபது வயதுப் பெண் அவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"மத்தவங்க எல்லாம் பல் டாக்டர் விளம்பரம் மாதிரி இருந்தாங்கக்கா" என்றாள் அவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி. "நீங்க மட்டும்தான் யாரையோ கிழிச்சுக்கிட்டு இருந்தீங்க. எம் பிள்ளைக்காகவும் ஒருத்தி அப்படிக் கத்தணும்னு தோணுச்சு."

"கத்தறதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றாள் லோர்னா. பிறந்தது பெண். ஓப்பல் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை என்ன நிறம் என்று லோர்னா கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

ஷெல்பி யோசித்து, அழுது, மறுபடி யோசித்துக் கையெழுத்துப் போட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் நாடு தெரியாது. ஒரு மாநிலத்தில் பிறந்த குழந்தையை இன்னொரு மாநிலத்துக்குத் தத்துக் கொண்டுபோக இரண்டு மாநிலத்து அலுவலகங்களும் சம்மதிக்க வேண்டும். அதுவரை பிறந்த மாநிலத்தை விட்டு அது வெளியே போகக் கூடாது. மீறினால் குழந்தையை எடுத்துப்போய் வேறு வீட்டில் வைப்பார்கள். திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். துப்பாக்கியை வண்டியில் போட்டுக்கொண்டு எந்த எல்லையை வேண்டுமானாலும் தாண்டுகிறவன் இருக்கும் நாட்டில், பால்புட்டியோடு ஒருத்தி நின்று அனுமதி கேட்க வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், ஷெல்பியின் ஊர் பிரிஸ்டல். அதன் பெரிய தெருவின் தென்பக்கம் டென்னசி, வடபக்கம் வர்ஜீனியா. தெருவின் நடுவே பதித்த பித்தளைத் தகடுகள்தான் எல்லை. லோர்னாவும் வெண்டலும் அறை எடுத்தது தென்பக்கத்து விடுதியில். மருந்துக்கடை எதிர்ப்பக்கம். நல்ல காப்பி எதிர்ப்பக்கம். ஷெல்பி வேலை பார்க்கும் கோழி வறுவல் கடையும் நேர் எதிரே. சமூகநலத் துறையிலிருந்து வந்த மிசஸ் ஓவர்பே, ஜன்னல் வழியாகப் பித்தளைத் தகட்டைக் காட்டி, "குழந்தை அதைத் தாண்டக் கூடாது. தெரியாம நடந்துச்சுன்னு எங்கிட்ட வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பால் பவுடர் தீந்தா?" என்றான் வெண்டல்.

"ஒருத்தர் போங்க. ஒருத்தர் குழந்தையோட இருங்க. அதுக்குத்தான் ரெண்டு பேருக்குக் குடுக்கறோம்."

பிரசவித்து இரண்டு வாரம் ஆகுமுன் ஷெல்பி வேலைக்குத் திரும்பிவிட்டாள். சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, விடுப்பெடுத்தால் வேலை கிடையாது. தையல் ஆறாத உடம்போடு அவள் கல்லாவுக்குப் பின்னால் நாளெல்லாம் நிற்பதை லோர்னா ஜன்னலிலிருந்து பார்த்தாள். தாய்மையைப் புகழ்ந்து வாழ்த்து அட்டை அச்சடித்தே பணக்காரரானவர்கள் வாழும் தேசம் இது. பெற்றவளுக்கு உட்கார ஒரு நாற்காலி தர மட்டும் இதற்கு வக்கில்லை.

லோர்னா குழந்தையை வெண்டலிடம் கொடுத்தாள். விடுதி அறையிலிருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

"இங்க வேலை செய்யறவங்க உக்காரக் கூடாதும்மா" என்றான் கடை முதலாளி.

"இது உங்க முக்காலி இல்ல, என்னோடது. நான் கோழி வாங்க வந்தவ. வாங்கற வரைக்கும் இதைப் பாத்துக்கச் சொல்லி இந்தப் பொண்ணுகிட்ட குடுக்கறேன். உக்காந்து பாத்துக்கிட்டாதான் திருடு போகாது."

"எப்ப வாங்குவீங்க?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அக்கா, எம் பொழப்புல மண்ணப் போட்டுறாத" என்று ஷெல்பி முணுமுணுத்தாள். ஆனால் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் முகத்தில் இறங்கிய நிம்மதியைப் பார்த்து முதலாளியும் வாயை மூடிக்கொண்டான். லோர்னா தினமும் போய், தன் பேருந்து, ரயில் வராத தண்டவாளம், முயல் என்று ஷெல்பியிடம் கதை பேசியபடி யோசித்துவிட்டு வந்தாள். அந்தக் கடைக் கோழியை அவள் கடைசிவரை வாங்கவில்லை.

வெண்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் கடையில் வேலை, சாதுவான மனிதன், சதுர நடனம் என்றால் உயிர். எட்டுப் பேர் சதுரமாக நின்று ஆடுவார்கள். என்ன ஆட வேண்டும் என்பதை மைக்கில் ஒருவன் கூவிக்கொண்டே இருப்பான். கூவியதைக் கால் செய்துவிடும், மூளைக்குச் செய்தி போவது அப்புறம்தான். அந்தச் சனிக்கிழமை தெருத் திருவிழா. வண்டிகளை நிறுத்திவிட்டு நடுத்தெருவில் பிடிலும் மைக்குமாக ஆட்டம் தொடங்கியது. ஓப்பலுக்கு வயிற்று வாயு, காலையிலிருந்து ஓயாத அழுகை. வெண்டல் அவளை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு தென்பக்க ஓரமாக நின்று தாளத்துக்கு ஆட்டினான். அழுகை நின்றது. தாளம் கூடியது, குழந்தை ஏப்பம் விட்டது. ஒரு சதுரத்தில் ஆள் ஒன்று குறைந்தது. இடைவேளையில் வெளியே வந்த ஷெல்பி, "வாங்க மாமா, ஓரத்துலதானே" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

ஓரத்தில்தான் ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை காலை மிசஸ் ஓவர்பே உள்ளூர்ச் செய்தித்தாளோடு வந்து இறங்கினாள். விடுதி வாசலில் நின்ற லோர்னாவின் கார்மேல் அதை விரித்துப் போட்டாள். முதல் பக்கத்தில் பெரிய படம், சிரித்தபடி சுழலும் வெண்டல், மார்பில் மூட்டை, காலடியில் பளபளவென்று பித்தளைத் தகடு.

"இது யாரு?"

"நான்தாங்க" என்றான் வெண்டல், சற்றுப் பெருமையாகவே.

"எந்த மாநிலத்துல நிக்கறீங்க?"

வெண்டல் குனிந்து பார்த்தான். "இடது காலு டென்னசி. வலது காலு அந்தப் பக்கம்."

"அவன் காலு எங்க வேணா கிடக்கட்டும் மேடம்" என்றாள் லோர்னா. "குழந்தை நடுவுல இருக்கு பாருங்க."

"நடுவுன்னு ஒரு மாநிலம் இல்லம்மா." மிசஸ் ஓவர்பே வெண்டல் பக்கம் திரும்பினாள். "இதோட நின்னுச்சா, மேலயும் போனீங்களா?"

லோர்னா அவன் காலை மிதித்தாள். பயனில்லை.

"பொய் சொல்ல வராதுங்க. ஒரு முழுச் சுத்து அந்தப் பக்கம் போயிட்டேன். எதிர்ப்பக்கம் மாறுன்னு சொன்னாரு, மாறிட்டேன்."

"யாரு சொன்னாலும் மாறிடுவீங்களா?"

"மைக்ல சொன்னா மாறிடுவேங்க."

மிசஸ் ஓவர்பே சிரிக்கவில்லை. மேலதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும், அவர்கள் முடிவு சொல்லும்வரை குழந்தையை இன்று சாயங்காலமே வேறு வீட்டில் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்றாள். லோர்னா வாயைத் திறந்தாள். எத்தனையோ இழுவை வண்டிக்காரர்களையும் முதலாளிகளையும் கிழித்த வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு காரில் சாய்ந்து நின்றாள், அவ்வளவுதான்.

எதிர்க் கடையிலிருந்து ஷெல்பி ஏப்ரனோடு தெருவைக் கடந்து வந்தாள். வரும்போதே செய்தித்தாள் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"இதுக்கா? என் வீடு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். இவ வயித்துல இருந்த மாசம் பூரா தினமும் இந்தத் தகட்டத் தாண்டிப் போனேன், தாண்டி வந்தேன். வாந்தி எடுத்துக்கிட்டே தாண்டினேன். அப்பெல்லாம் ஒரு ஆபீசும் வந்து, ஏம்மா எங்க தூக்கிட்டுப் போறேன்னு கேக்கல. இப்ப அக்கறையா ஒருத்தரு தூக்கி ஆடினதும் சட்டம் முழிச்சுக்கிச்சா?"

மிசஸ் ஓவர்பே அவளுடைய ஏப்ரனைப் பார்த்தாள். "நீ அதுக்குள்ள வேலைக்கு வந்துட்டியா?"

"வராம? பிள்ளை பெத்தவ சம்பளத்தோட படுத்திருக்கலாம்னு எந்தப் பக்கத்துலயாவது சட்டம் இருந்தா சொல்லுங்க மேடம். இப்பவே அந்தப் பக்கமாப் போய்ப் படுத்துக்கறேன்."

மிசஸ் ஓவர்பே செய்தித்தாளை நிதானமாக மடித்தாள்.

"அந்தப் பக்கம் போய் உக்காந்தீங்களா?" என்று வெண்டலைக் கேட்டாள்.

"இல்லீங்க."

"எங்கயாவது தங்கினீங்களா? எதையாவது வாங்கினீங்களா?"

"பாட்டு முடியறதுக்குள்ள இந்தப் பக்கம் வந்துட்டேங்க. திரும்ப மாறச் சொன்னாரு."

"குழந்தையை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் வைக்கக் கூடாதுன்னுதான் சட்டம். நீங்க வைக்கல, சுத்தினீங்க. அப்படித்தான் மேல சொல்லப் போறேன். புரியலைன்னா அவங்களும் ஒரு சனிக்கிழமை வந்து ஆடிப் பாக்கட்டும்." காரில் ஏறப் போனவள் நின்று, "மிசஸ் ஸ்டக்கி, அனுமதி வர்ற வரைக்கும் உங்க வீட்டுக்காரரை மைக் இருக்கற பக்கம் விடாதீங்க" என்றாள்.

அனுமதி வந்தது ஒரு மழை நாளில். ஒஹாயோ வடக்கே இருக்கிறது, வழி வர்ஜீனியா. ஆகவே வீட்டுக்குப் போக அவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்ததே அந்தத் தெருவைக் கடப்பதுதான். ஓப்பல் பின்னிருக்கையில், பக்கத்தில் வெண்டல். லோர்னா காரைத் தெருவுக்குள் திருப்பினாள். தகட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டாள்.

பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். கோழிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஷெல்பி எழுந்து வாசலுக்கு வந்தாள். முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, ரயிலு ஒண்ணும் வரல" என்று கத்தினாள். "எம் பொண்ணு நனையறா, கதவச் சாத்திட்டுக் கிளம்பு."

லோர்னா கதவைச் சாத்திவிட்டுக் கடந்தாள்.