மஞ்சத் துணியப் பாத்துகினு வா

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கூட்டினு போற மாதிரியே திருப்பிக் கூட்டினு வந்துருடீ. அந்த ஆளு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது."

அந்த ஆள் என் மாமா, அக்காவின் கணவர். கல்பாக்கத்தில் ஊழியர் பஸ் ஓட்டுகிறார். உட்கார்ந்தே சம்பாதித்த தொப்பை. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதெல்லாம் எதற்கு, ஓடு மாமா என்று நான் சொன்னேன். எனக்கு மலையோட்டப் பைத்தியம் பிடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எந்தக் குன்றைப் பார்த்தாலும் கால் அரிக்கும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற பக்கம் ஒரு சுற்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஏரிக்கரையில் தொடங்கி, குன்றில் ஏறி, மறுபக்கம் தைலமரத் தோப்பு வழியாக இறங்கி, அதே கரைக்கு வந்துவிடலாம். ஞாயிறு காலை நண்பர்கள் பத்துப் பேர் ஓடுவதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் நான் முன்னால் ஓடி மரங்களில் அடையாளம் கட்டுவேன். கால்மணி கழித்து மாமா அதைப் பார்த்தே வருவார். வழி தெரியாத அவரே வந்து சேர்ந்துவிட்டால் மற்றவர்களைப் பற்றிக் கவலையில்லை.

சிவப்பு டேப் பாதிச் சுருள்தான் மிச்சம். அதனால் என் பழைய மஞ்சள் துப்பட்டாவைக் கிழித்து எடுத்துக்கொண்டேன்.

"மாமா, பாதி மலை வரைக்கும் ரெட் டேப். அப்புறம் மஞ்சத் துணி. மஞ்சத் துணியப் பாத்துகினு வா. எங்கியும் நிக்காத."

"ரூட்டு இன்னான்னு சொல்லிட்டா அப்டியே போறவன் நானு. எனக்கே சொல்றியா பாப்பா?"

குனிய முடியாமல் திணறியவருக்கு ஷூ நாடாவை நானே இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டேன். குலுங்கும் என்று அவர் போனையும் பிடுங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

டேப் பாறை மேட்டிலேயே தீர்ந்தது. அதற்கு மேல் மஞ்சள். உச்சிக்குச் சற்றுக் கீழே வழி இரண்டாகப் பிரியும். இடது, எங்கள் வழி. வலது, கல்குவாரிக்கு. இடப்பக்கத்து முட்செடியில் ஒரு துண்டை அவசரமாகச் சுற்றிவிட்டு இறங்கினேன். வாட்சில் நேரம் அருமையாக இருந்தது. நிற்க மனம் வரவில்லை.

கரையில் தண்ணீர் குடித்தேன். கால்களை நீட்டி மடக்கினேன். மாமா வர வேண்டிய நேரம் வந்தது. போனது. தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

குவாரிச் சங்கு. முதல் சங்குக்கு ஆட்கள் விலகிவிட வேண்டும். பத்து நிமிடத்தில் இரண்டாவது சங்கு, உடனே வெடி. கரையோர டீக்கடையில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். நான் இங்கே ஓடுவது ஞாயிற்றுக்கிழமைகளில், அன்று குவாரிக்கு விடுமுறை. இன்று சனி என்பது சங்கு கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

இறங்கிய வழியிலேயே ஏறி ஓடினேன். தோப்பில் அவர் இல்லை. "மாமா!" என்று கத்தினால் மூச்சு போகிறது, கத்தாவிட்டால் பயம் ஏறுகிறது. பிரிகிற இடத்துக்கு வந்தபோது வாட்சில் ஏழு நிமிடம் போயிருந்தது.

நான் சுற்றிய துண்டு அவிழ்ந்து முட்செடிக்குள் விழுந்து கிடந்தது. வலப்பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வேப்பமரம் முழுக்க மஞ்சள் துணி. அதைத் தாண்டிப் புதர்களிலும் வரிசையாக மஞ்சள் துணி. குவாரியில் வேலை செய்கிற பெண்கள் அங்கே ஒரு கல்லை அம்மனாக வைத்திருக்கிறார்கள். போகிற வழியெல்லாம் வேண்டிக்கொண்டு கட்டியவை. எத்தனை ஞாயிறுகள் அந்த மரத்தைக் கடந்திருக்கிறேன்! துப்பட்டாவைக் கிழிக்கும்போது ஒருமுறைகூட அது நினைவுக்கு வரவில்லை.

மஞ்சத் துணியப் பாத்துகினு வா. நான்தான் சொன்னேன். மாமா பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

வலப்பக்கம் ஓடினேன். திருப்பத்தில் சிவப்புக் கொடியோடு ஒருவர் குறுக்கே வந்து கையை விரித்தார்.

"ஏ பொண்ணு! காது கேக்கல? வெடி வெக்கப் போறாங்க!"

"அண்ணா, எங்க மாமா உள்ள போய்ட்டாரு. பச்ச டீசர்ட்டு. குண்டா இருப்பாரு."

"இந்தப் பக்கம் யாரும் வரலியே. நான் இப்பதான் மேல ஏறி வரேன்."

"அதுக்கு முன்னாடியே போய்ட்டாருண்ணா!"

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். போனை எடுத்தார். "டேய், நிறுத்து. வெக்காத. வழியில ஆளு கீது. ஆமாடா, ஆளு! நான் சொல்ற வரிக்கும் கைய வெக்காத!" கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

மாமா அம்மன் கல்லுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் ஷூ இல்லை. இன்னொரு காலின் நாடாவைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாதை இருபதடி போய் அப்படியே அறுபட்டு நின்றது. அதற்கப்பால் வெறும் ஆகாயம்.

"இன்னாமா முடிச்சு போட்ட நீ? ஷூவோட எப்டி சாமியத் தாண்டிப் போறது?"

கொடிக்காரர் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். "யோவ், எழுந்திரு! இன்னும் ரெண்டு நிமிஷத்துல நீயே சாமியாகியிருப்ப."

மூவரும் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் பதுங்கினோம். மாமா ஒற்றை ஷூவைக் கையில் வைத்திருந்தார். கொடிக்காரர் போனில் சொன்னதும் இரண்டாவது சங்கு ஊதியது. பிறகு காலடியில் மலை ஒருமுறை உதறியது. நாங்கள் ஓடி வந்த பாதையில் கல் விழுகிற சத்தம், முதலில் கனமாக, பிறகு பொடிப்பொடியாகக் கேட்டது.

"ரெட்டு, மஞ்சா ஒண்ணும் கட்டாத இங்க," என்றார் கொடிக்காரர், நான் அடையாளம் கட்டிய கதையைக் கேட்டுவிட்டு. "நடந்து போ. ஓடாத."

ஞாயிறு ஓட்டம் வேறு மலைக்கு என்று அங்கேயே நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினேன். முட்செடியில் விழுந்திருந்த என் துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டேன். வழியில் நான் கட்டியிருந்த மற்றவற்றையும் அவிழ்த்தேன்.

கரையில் டிக்கியைத் திறந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். ஸ்பீக்கரில் அக்கா, சிரித்துக்கொண்டே.

"எங்க கீற? அவ எங்க, வழக்கம் போல முன்னாடி ஓடிட்டாளா?"

"இல்ல," என்றார் மாமா. "எறங்குறப்ப எம் பின்னாலயே நடந்து வந்தா."

"அவளா? பின்னாலயா?" அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "போன அவகிட்ட குடு. இன்னா ஆச்சு அங்க?"

மாமா போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.