துடைக்காமல் விட்ட கண்ணாடி

ஊரில் அவருக்குப் ‘பளிச்’ என்று பெயர். ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டுவது தொழில். புதுக் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்திய கையோடு, சுண்ணாம்புக் குழம்பில் விரலைத் தோய்த்து அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார். ஏணியும் பலகையுமாக நடமாடும் கொத்தனார்கள் வெற்றிடம் என்று நினைத்து முட்டிக்கொள்ளக் கூடாதே. வீட்டை ஒப்படைக்கும் நாளில் அந்தக் குறியை அவரேதான் அழிப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். முதலில் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி, கடைசியில் கசக்கிய செய்தித்தாள். அதன்பின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று கேட்பார். வீட்டுக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் போதும், பளிச்சுக்கு அன்றைக்கு வயிறு நிறைந்துவிடும்.

அவர் மாட்டியதிலேயே பெரிய கண்ணாடி அக்கா வீட்டில் இருந்தது. வயல்களுக்கு நடுவே, மரக்கூட்டத்தைப் பார்த்த வீடு. அத்தான் படுத்த படுக்கையான பிறகு, கட்டிலில் இருந்தபடியே மரங்களைப் பார்க்க ஆசைப்பட்டார். பளிச் பாதிச் சுவரை இடித்து ஆளுயரக் கண்ணாடி வைத்தார். அத்தான் ஒரு மாதம்கூட முழுதாகப் பார்க்கவில்லை. கட்டில் காலியாயிற்று.

அதற்கு ஏழு மாதம் கழித்து, அக்காவின் மகன் நகரத்திலிருந்து போன் செய்தான். அம்மாவின் போக்கே சரியில்லை என்றான். சில நாள் சாயங்காலம் வேலியோரம் குழி தோண்டுகிறாளாம். இப்போது அந்தப் பெரிய ஜன்னலுக்கு வெளியே பழைய போர்வையை ஆணியடித்து மாட்டிவிட்டு, பகலிலும் இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாளாம். பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். “ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டு வந்துடறேன் மாமா. வீட்டைப் பூட்டிடலாம்.”

முப்பது வருஷம் வாழ்ந்த வீட்டைவிட்டு அக்காவைப் பெயர்த்தால் அவள் தாங்கமாட்டாள். இப்படியே விட்டாலும் என்ன ஆகுமோ தெரியாது. சனிக்கிழமை காலையிலேயே பளிச் கிளம்பிப் போனார்.

அக்கா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடாமல் அவர் நேரே ஜன்னலுக்குப் போனார். வெளிச்சம் உள்ளே போனால் மனசு தெளியும் என்பது அவருடைய கணக்கு. ஆணிகளைப் பிடுங்கினார், போர்வையைச் சுருட்டி வைத்தார், வழக்கமான மூன்று துடைப்பும் துடைத்தார். மரங்கள் மொத்தமும் கண்ணாடிக்குள் வந்து நின்றன.

ஈரக் கையோடு அக்கா வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“கண்ணாடி இருக்கா இல்லையா, சொல்லுக்கா” என்று அவர் சிரிக்க முயன்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ‘தொப்’ என்று ஒரு சத்தம். பச்சை முதுகுக் குருவி ஒன்று அவர் காலடியில் மல்லாந்து கிடந்தது.

“இதுக்குத்தான்டா போத்தி வெச்சேன்.”

திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. உள்ளே ஓடிப்போய், மூடியில் துளை போட்ட செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள். அடியில் பழைய துணி தயாராகவே விரித்திருந்தது. குருவியை இரண்டு கையாலும் அள்ளி அதில் வைத்து மூடி, பரணுக்குக் கீழே சந்தடியில்லாத மூலையில் வைத்தாள். தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டவரை, சும்மா இரு என்று அடக்கினாள். பழகிய கை அது.

அப்புறம்தான் சொன்னாள். இதோடு பன்னிரண்டு. நான்கு பிழைத்துப் பறந்தன. ஏழு வேலியோரம் இருக்கின்றன. மரம் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிகிற மரத்துக்குள் பறந்து வருகின்றன.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எப்படிடா சொல்றது? கண்ணாடி இருக்கா இல்லையான்னு நீ அவரைக் கேட்டப்ப, அவரு கையை நீட்டித் தொட்டுப் பாத்துட்டுச் சிரிச்சாரு. கடைசியா அவரு சிரிச்சது அதுதான். அந்தக் கண்ணாடி குருவியைக் கொல்லுதுன்னு உங்கிட்ட வந்து நிக்கச் சொல்றியா?”

பளிச் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியிருந்தது. அக்கா அக்காவாகத்தான் இருக்கிறாள்.

இருவரும் காத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் ‘கறுக் கறுக்’ என்று நகம் கீறியது. அக்கா அதை மரங்களுக்கு அருகில் கொண்டுபோய், கீழே வைத்து மூடியைத் திறந்தாள். குருவி விளிம்பில் ஏறித் தலையைச் சாய்த்து இவர்களைப் பார்த்தது. எச்சமிட்டது. விர்ரென்று போய்விட்டது.

சுண்ணாம்பைப் பிசினோடு குழைத்தார். கை, பழக்க தோஷத்தில், வெளிப்பக்கம் பெரிய பெருக்கல் குறியைப் போட்டது.

“அது கொத்தனாருக்குடா. குருவி நடுவால பூந்துடும். நெருக்கமா போடு, ரெண்டு விரக்கடைதான் விடணும்.”

மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு வந்தார். பாதியில் மருமகன் போன் செய்து, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான்.

“எனக்கு மேஸ்திரியா இருக்கா. கோடு கோணல்னு திட்டு வாங்கிட்டிருக்கேன். நீ நாளைக்கு வா, சாப்பிட்டுட்டுப் போ. யாரையும் கூட்டிட்டுப் போற வேலை இல்ல.”

வேலை முடிந்தபோது கோடுகளுக்கு நடுவே மரங்கள் தெரிந்தன. அக்கா நாற்காலியை இழுத்து, கட்டில் கிடந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். பளிச் சட்டத்தைச் சுற்றிச் சிந்தியதைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே கண்ணாடியின் ஓரக் கோட்டை நோக்கி நகர்ந்தது.

“டேய்” என்றாள் அக்கா உள்ளேயிருந்து. “கையைக் கட்டு.”

அவர் கையைக் கட்டிக்கொண்டார்.