அமுக்கிராச் சூரணமும் கனடா மச்சாளும்

கனடாவில் இருக்கும் மச்சாள், என் கணவரின் அக்கா, தன் பகலில்தான் தொலைபேசி எடுப்பார். அது எங்களுக்கு நடுச்சாமம். நீர்வேலியில் அவருடைய வாழைத்தோட்டத்தை நாங்கள்தான் பார்க்கிறோம். வேலி அடைச்சாச்சோ, வாழைக்கு இறைச்சாச்சோ என்று ஒரு மணித்தியாலம் விசாரணை நடக்கும். "களைப்பாக் கிடக்கு மச்சாள்" என்று ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தேன். "இஞ்சை நாங்கள் ரெண்டு வேலை செய்யிறம்" என்பார்.

கடைசியில் சாவகச்சேரியில் ஒரு சித்த வைத்தியரிடம் போனேன். களைப்புக்கும் மன உளைச்சலுக்கும் அமுக்கிராச் சூரணம் தந்தார். "நாப்பது நாள் பாலிலை கலந்து குடியுங்கோ. பத்தியம் முக்கியம். புளி கூடாது, கண் முழிக்கக் கூடாது."

அடுத்த அழைப்பில் அதை அப்படியே சொன்னேன்.

"ஐயோ, பத்தியமே? அப்ப நீர் போய்ப் படும், படும். பத்தியம் முறிஞ்சால் மருந்தே விஷமாப் போகும்" என்று பதறி வைத்துவிட்டார். இப்போது அவர்தான் அங்கே விடியற்காலையில் எழும்பி, எங்கள் பின்னேரத்தில் எடுக்கிறார்.

சூரணம் முடிந்து இரண்டு மாதம். மீன் குழம்புக்குப் புளியும் கரைக்கிறேன். கண் முழிக்காத பத்தியத்தை மட்டும் இன்னும் விடவில்லை.